மின்தூண்டியின் உள்ளகத்தில் நிலைக்காந்தம்: பயனும் எல்லையும்

1. கேள்வி

கம்பிச் சுருளுக்குள் இரும்புத் துண்டை நுழைத்தால் அதன் காந்தப்புலம் பல மடங்கு பெருகும். பள்ளி ஆய்வகத்திலேயே இதைப் பார்த்துவிடுகிறோம். இரும்பே இவ்வளவு செய்யுமென்றால், தானே காந்தமாக இருக்கும் ஒரு பொருளை உள்ளே வைத்தால் இன்னும் எவ்வளவு செய்யும்? மின்மாற்றி, மின்தூண்டி ஆகியவற்றின் உள்ளகமாக நிலைக்காந்தத்தைப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. தவறான விடைகளுக்கு இட்டுச்சென்றிருந்தாலும் இது நியாயமான கேள்வி.

பாடநூல் இதற்கு ஒரு வரியில் விடை சொல்லிக் கடந்துவிடுகிறது: மின்மாற்றி உள்ளகத்துக்கு மென்காந்தப் பொருள், நிலைக்காந்தத்துக்கு வன்காந்தப் பொருள். அந்த வரி சரிதான். ஆனால் கார் எஞ்சினின் பற்றவைப்புச் சுருளிலும், பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் விலகல் சுற்றிலும், சில திறன் மாற்றிகளின் மின்தூண்டிகளிலும் நிலைக்காந்தம் உள்ளகத்தோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது என்பதை அந்த வரி சொல்வதில்லை. இன்னொரு பக்கம், காந்தம் சேர்த்தால் மின்தூண்டியின் ஆற்றல் கொள்ளளவு நான்கு மடங்காகும் என்ற கூற்று பொறியியல் வட்டாரத்தில் உலவுகிறது. வேறு சிலர் காந்தத்திலிருந்து ஓயாமல் மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்கள். இம்மூன்று நிலைப்பாடுகளையும் எண்களோடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: உள்ளகமாக நிலைக்காந்தம் பயனற்றது, உள்ளகத்தின் காற்றிடைவெளியில் அதற்கு உண்மையான பயன் உண்டு, ஆனால் அந்தப் பயன் விளம்பரப்படுத்தப்படும் அளவுக்குப் பெரியதன்று.

2. காந்தத்தையே உள்ளகமாக வைத்தால்

சுருளின் தூண்டலெண், உள்ளகத்தில் ஏற்கெனவே எவ்வளவு காந்தப் பாயம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. மின்னோட்டம் சிறிது மாறும்போது பாயம் எவ்வளவு மாறுகிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. குழப்பத்தின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இரும்பின் காந்தக் கூறுகள் சுருளின் புலத்துக்கு எளிதில் இணங்கித் திரும்புகின்றன. அதனால் பாயம் வெகுவாக மாறுகிறது. நிலைக்காந்தத்தின் கூறுகளோ அசைய மறுப்பதற்காகவே உருவாக்கப்பட்டவை. அசைய மறுப்பதுதான் அதன் சிறப்பு; அதுவே உள்ளகமாக அதன் குறை.

திறன் மாற்றிகளில் பயன்படும் மாங்கனீசு–துத்தநாக ஃபெரைட்டின் ஒப்புமை உட்புகுதிறன் ஏறத்தாழ 2000. நியோடிமியக் காந்தத்துக்கு அது சுமார் 1.05. காற்றுக்கு 1. எனவே சுருளைப் பொறுத்தவரை நியோடிமியக் காந்தம் ஏறக்குறைய காற்றேதான். காற்றைவிடவும் மோசம் என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் அது மின்சாரத்தைக் கடத்துகிறது. அதன் மின்தடை எண் சுமார் 1.5 மைக்ரோஓம்–மீட்டர். 100 கிலோஹெர்ட்சில் மாறும் புலம் அதற்குள் ஏறத்தாழ 2 மி.மீ. ஆழம் வரைதான் நுழையும். அந்தத் தோலுக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் எழுந்து காந்தத்தைச் சூடாக்கும். சாதாரண நியோடிமிய வகைகள் 80 டிகிரி செல்சியசுக்கு மேல் நம்பத்தக்கவை அல்ல. சூடு ஏற ஏறக் காந்தம் வலுவிழக்கும்.

வலுக்கட்டாயமாகக் காந்தத்தை முன்னும் பின்னும் திருப்பினால் என்ன ஆகும்? அதன் காந்தத் தயக்கக் கண்ணியின் பரப்பே ஒரு சுழற்சியில் வெப்பமாகும் ஆற்றல். 1.2 டெஸ்லா தேக்குத்திறனும் (புறப்புலம் நீங்கிய பின்னும் தங்கும் பாய அடர்த்தி) மீட்டருக்கு 955 கிலோஆம்பியர் காந்த நீக்குத்திறனும் (காந்தமிழக்கச் செய்யத் தேவையான எதிர்ப்புலம்) உள்ள நியோடிமியக் காந்தத்துக்கு அது கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4.5 ஜூல். 50 ஹெர்ட்சில் ஒரு சிறு துண்டுக்கு 200 வாட்டுக்கும் மேல்! மென் ஃபெரைட்டின் நீக்குத்திறன் மீட்டருக்குச் சில பத்து ஆம்பியர்தான். ஒப்பிடவே முடியாத வேறுபாடு. ஆகவே பாடநூலின் வரி இங்கே முழுமையாக நிற்கிறது.

மென் ஃபெரைட்டும் ஃபெரைட் காந்தமும் நெருங்கிய உறவினர் என்பதை இடையில் நினைவூட்ட விரும்புகிறேன். 1940-களில் ஆய்வாளர் ஸ்னூக் மென் ஃபெரைட்டை வளர்த்தெடுத்த அதே பிலிப்ஸ் ஆய்வகத்திலிருந்துதான், நெதர்லாந்தின் ஐந்தோவனிலிருந்து, 1952-இல் பேரியம் ஃபெரைட் நிலைக்காந்தமும் வெளியானது. இரண்டும் இரும்பு ஆக்சைடை அடிப்படையாகக் கொண்டவை. படிக அமைப்பு மாறியதும் ஒன்று எளிதில் இணங்கும் பொருளாகவும் மற்றொன்று அசைக்க முடியாத பொருளாகவும் ஆகிவிட்டன.

3. காந்தத்திலிருந்து ஆற்றல் வருமா?

2002 மார்ச் 26 அன்று தாமஸ் பியர்டன் உள்ளிட்ட ஐவருக்கு 6,362,718 என்ற எண்ணுடைய அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நிலைக்காந்தத்தின் இருபுறமும் மென்காந்த உள்ளகங்களை வைத்து, கட்டுப்பாட்டுச் சுருள்களால் காந்தப் பாயத்தை இங்கும் அங்கும் திருப்பி, கொடுத்ததைவிட அதிக மின்சாரம் எடுக்கலாம் என்பது அதன் உரிமைகோரல். காந்தத்தை உள்ளகத்தில் வைக்கும் எண்ணம் ஆற்றல் பற்றிய நம்பிக்கையாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. காப்புரிமை என்பது புதுமைக்கான சட்டச் சான்று. அளவீட்டுச் சான்று அன்று.

கணக்கு எளிது. உயர்தர நியோடிமியக் காந்தம் ஒரு கன சென்டிமீட்டர் அளவில் தன் வெளிப்புலத்தில் தேக்கிவைக்கக்கூடிய ஆற்றல் அதிகபட்சம் 0.2 ஜூல். 9 வாட் எல்இடி விளக்கொன்று அதை ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் தீர்த்துவிடும். பாயத்தைத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு சுழற்சியிலும் காந்தம் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. நிகர வரவு சுழியம். மிச்சமிருப்பது உள்ளக இழப்பும் கம்பி இழப்பும் மட்டுமே.

பிறகு ஏன் சிலரின் மானிகள் அதிக வெளியீட்டைக் காட்டுகின்றன? இத்தகைய சுற்றுகளில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் சைன் வடிவில் இருப்பதில்லை. குறுகிய துடிப்புகளாக, ஒன்றோடொன்று கட்டம் விலகி இருக்கும். சாதாரண மல்டிமீட்டரில் இரண்டையும் தனித்தனியே அளந்து பெருக்கினால் கிடைப்பது உண்மையான திறன் அன்று. இவ்வகை முயற்சிகளில் இளைஞர்கள் தங்கள் உழைப்பையும் சேமிப்பையும் கொட்டுவதைக் காணும்போது வருத்தமே மிஞ்சுகிறது. அவர்களின் ஆர்வம் உண்மையானது. அந்த ஆர்வத்துக்குத் தகுதியான ஒரு பயன்பாடு அதே காந்தத்தில் இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

4. தொடக்கப் புள்ளியை நகர்த்துதல்

அந்தப் பயன்பாட்டின் பெயர் காந்தச் சார்பு. நிலைக்காந்தம் ஆற்றலைத் தருவதில்லை. தூண்டலெண்ணைக் கூட்டுவதும் இல்லை. மின்னோட்டம் சுழியமாக இருக்கும்போது உள்ளகம் எந்தக் காந்த நிலையில் நிற்கிறது என்பதை மட்டும் அது மாற்றுகிறது.

இது புதிய சிந்தனையன்று. கிரகாம் பெல்லின் தொலைபேசியிலேயே உண்டு. 1877 ஜனவரி 30 நாளிட்ட அவருடைய இரண்டாம் தொலைபேசிக் காப்புரிமையில் நிலைக்காந்தம் இடம்பெறுகிறது. மின்காந்தம் தொலைபேசியின் அதிரும் தகட்டை இழுக்கும் விசை பாய அடர்த்தியின் இருபடியைப் பொறுத்தது. எனவே நிலைக்காந்தம் இல்லையென்றால் அலையின் நேர்ப்பாதி, எதிர்ப்பாதி இரண்டிலும் தகடு ஒரே திசையில் இழுபட்டு, பேச்சொலியின் அதிர்வெண் இரட்டிப்பாகிச் சிதைந்திருக்கும். காந்தம் நிலையான ஓர் இழுவையை முன்கூட்டியே கொடுத்துவிட்டதால் பேச்சு மின்னோட்டம் அதைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே செய்தது.

படக்குழாய்த் தொலைக்காட்சியைப் பழுதுபார்த்தவர்களுக்கு ‘லீனியாரிட்டி காயில்’ நினைவிருக்கும். இந்தியாவில் பயன்பட்ட பால் முறையில் மின்னணுக் கற்றை நொடிக்கு 15,625 முறை இடமிருந்து வலமாக ஓடும். விலகல் சுருளின் மின்தடையால் அந்த ஓட்டம் வலப்புறம் செல்லச் செல்ல மந்தமாகி, படத்தின் வலப்பக்கம் நெருங்கிப்போகும். சிறு ஃபெரைட் உள்ளகமும் அதனருகே ஒரு நிலைக்காந்தமும் கொண்ட அந்தக் காயில், மின்னோட்டம் ஒரு திசையில் வளரும்போது தெவிட்டி (பாயம் அதற்குமேல் ஏறாத நிலையை எட்டி), தன் தூண்டலெண்ணை இழந்து, குறையை ஈடுசெய்தது. காந்தத்தைச் சற்றே திருப்பிப் படத்தைச் சீராக்குவார்கள். வீட்டு மின்பலகையிலுள்ள மின்கசிவு முறிப்பானிலும், அது மின்னணு உதவியின்றி இயங்கும் வகையாக இருந்தால், இதே கொள்கைதான்: நிலைக்காந்தம் பிடித்துவைத்திருக்கும் சிறு நெம்புகோலை, கசிவு மின்னோட்டம் எழுப்பும் மிகச் சிறிய எதிர்ப்பாயம் விடுவிக்கிறது. 30 மில்லிஆம்பியர் கசிவு ஓர் இயந்திரத்தை இயக்கப் போதுமானதாக இருப்பதற்குக் காரணம், வேலையின் பெரும்பகுதியைக் காந்தமும் சுருள்வில்லும் முன்னரே செய்துமுடித்திருப்பது.

திறன் மின்னணுவியலில் இக்கொள்கை வரும்போது தேவை சற்றே வேறு. நேர்மின்னோட்டத்தைச் சுமக்கும் மின்தூண்டியில் பாயம் எப்போதும் ஒரே பக்கம்தான். உள்ளகம் சுழியத்திலிருந்து நேர்த்தெவிட்டல் வரையிலான பாதியை மட்டும் பயன்படுத்துகிறது. எதிர்ப்பாதி வீணாகக் கிடக்கிறது. நிலைக்காந்தத்தை எதிர்த்திசையில் வைத்து உள்ளகத்தை முன்கூட்டியே எதிர்த்தெவிட்டலின் விளிம்புக்குத் தள்ளிவிட்டால், முழு வீச்சும் கிடைக்கும். கார்களின் பென்சில் வடிவப் பற்றவைப்புச் சுருள்கள் சிலவற்றில் உள்ளகக் கம்பியின் முனையில் காந்தம் வைப்பது இதற்காகவே. மின்னோட்டம் ஒரே திசையில் ஏறி அறுபடும் சாதனம் அது. தீப்பொறிச் செருகியின் குறுகிய கிணற்றுக்குள் அடங்கவும் வேண்டும். காந்தச் சார்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

5. ஒரு கணக்கு: எந்தக் காந்தம் தாங்கும்?

இடிடி 39 என்ற பரவலான ஃபெரைட் உள்ளகத்தை எடுத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு 125 சதுர மி.மீ. சூடான நிலையிலும் தெவிட்டாமலிருக்கப் பாய அடர்த்தியை 0.35 டெஸ்லாவோடு நிறுத்துவோம். 40 சுற்றும் 0.72 மி.மீ. காற்றிடைவெளியும் கொடுத்தால் தூண்டலெண் 350 மைக்ரோஹென்றி. தாங்கும் உச்ச மின்னோட்டம் 5 ஆம்பியர்.

இந்த இடைவெளியில்தான் காந்தத்துக்கு இடமிருக்கிறது. இரண்டாம் பகுதியில் குறையாகக் கண்ட 1.05 என்ற உட்புகுதிறன் இங்கே குறையே அன்று; அந்த இடத்தில் ஏற்கெனவே காற்றுதான் இருந்தது. காற்றை எடுத்துவிட்டு அதே தடிமனுள்ள காந்தத் தகட்டை வைத்தால் தூண்டலெண் ஏறத்தாழ மாறாது. தகட்டின் தேக்குத்திறன் 0.35 டெஸ்லாவாக இருந்தால் உள்ளகம் தன் எதிர் விளிம்பில் நிற்கும். தாங்கும் மின்னோட்டம் 10 ஆம்பியராகும்.

ஃபெரைட் காந்தத்தின் தேக்குத்திறன் 0.4 டெஸ்லாவை ஒட்டியது, மலிவானது, மின்சாரத்தைக் கடத்தாதது. எல்லாம் பொருந்திவருவதாகத் தோன்றும். ஆனால் 40 சுற்றில் 10 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.72 மி.மீ. தகட்டின் மீது எதிராக விழும் புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 556 கிலோஆம்பியர். வழக்கமான ஃபெரைட் காந்தங்களின் நீக்குத்திறன் 200 முதல் 350 வரைதான். முதல் முழுச்சுமையிலேயே காந்தம் தன் காந்தத்தன்மையை இழந்துவிடும். இந்த 556 என்ற எண் சுற்றுகளையோ இடைவெளியையோ பொறுத்ததன்று என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர் விளிம்பிலிருந்து நேர் விளிம்புவரை 0.7 டெஸ்லா வீச்சு வேண்டுமென்றால், தகட்டின் மீது இவ்வளவு புலம் விழுந்தே தீரும். வடிவமைப்பாளரின் திறமையால் தவிர்க்கக்கூடியதன்று. இயற்பியல் விதிக்கும் விலை.

அப்படியானால் வலிமையான நியோடிமியக் காந்தத்தை வைக்கலாமே? 1.2 டெஸ்லா தேக்குத்திறனுள்ள தகடு இடைவெளி முழுவதையும் நிரப்பினால் மின்னோட்டம் இல்லாமலேயே உள்ளகம் தெவிட்டிவிடும். மெல்லிய தகட்டை வைத்து மீதியைக் காற்றாக விட்டால் தெவிட்டல் தவிர்க்கப்படும். ஆனால் காந்தத்தின் மீது விழும் எதிர்ப்புலம் உச்சத்தில் மீட்டருக்கு 1,200 கிலோஆம்பியரைத் தாண்டும். சாதாரண வகையின் நீக்குத்திறன் 955. அது அறை வெப்பநிலையின் மதிப்பு. டிகிரிக்கு ஏறத்தாழ 0.6 விழுக்காடு வீதம் அது குறைந்துகொண்டே போகும். 100 டிகிரியில் பாதிதான் மிஞ்சும். காந்தம் எவ்வளவு வலிமையானதோ அவ்வளவு நல்லது என்ற பொதுப்புத்தி இங்கே தலைகீழாகிறது.

எனவே தேவைப்படும் பொருள் விசித்திரமானது: தேக்குத்திறன் குறைவாக, நீக்குத்திறன் மிக அதிகமாக, மின்கடத்தல் இல்லாமல், வெப்பத்தைத் தாங்குவதாக. சமாரியம்–கோபால்ட் போன்ற பொருளைத் தூளாக்கிப் பிசினோடு கலந்து செய்த தகடு இதற்கு விடை. பிசின் தேக்குத்திறனை நீர்க்கச் செய்கிறது. தூள்களைப் பிரித்துவைத்துச் சுழல் மின்னோட்டத்தை அறுக்கிறது. ஜப்பானின் டோக்கின் நிறுவனம் இவ்வழியில் சென்றது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியைத் தேடினர்: காந்தத்தை இடைவெளிக்குள் வைக்காமல் உள்ளகத்தின் பக்கவாட்டில் வைத்து, உள்ளகத்தின் ஒரு பகுதியைத் தெவிட்டச் செய்து, அதையே இடைவெளியாகப் பயன்படுத்துவது. காந்தம் முதன்மைப் பாதையிலிருந்து விலகுவதால் அதன் மீதான தாக்குதல் குறைகிறது. அமைப்பு சிக்கலாகிறது என்பது அதற்கான விலை.

6. ‘நான்கு மடங்கு’ என்ற கூற்று

தேங்கும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. 5 ஆம்பியர் 10 ஆனால் ஆற்றல் நான்கு மடங்கு. கூற்று கணக்குப்படி சரி. ஆனால் அதே கம்பியில் இருமடங்கு மின்னோட்டம் ஓடினால் வெப்பமும் நான்கு மடங்கு. உள்ளகத்தின் சன்னலில் (சுருளுக்கான இடத்தில்) கம்பி ஏற்கெனவே நிறைந்திருக்கும்; தடித்த கம்பிக்கு இடமில்லை. காந்தம் உள்ளகத்தின் எல்லையை மட்டும் தளர்த்துகிறது. செம்பின் எல்லை அப்படியே இருக்கிறது. பல மின்தூண்டிகளில் முதலில் முட்டுவது செம்பின் எல்லைதான். அத்தகைய இடங்களில் நான்கு மடங்கு என்பது காகிதத்தில் மட்டுமே.

பயனை வேறு வகையில் எடுத்துக்கொள்வது அறிவுடைமை என்று கருதுகிறேன். மின்னோட்டம் 5 ஆம்பியராகவே இருக்கட்டும். சுற்றுகளை 40-இலிருந்து 20 ஆக்குவோம். இடைவெளி 0.18 மி.மீ. ஆகச் சுருங்கும், தூண்டலெண் மாறாது. கம்பியின் நீளம் பாதியாகவும் அதன் குறுக்குப் பரப்பு இருமடங்காகவும் ஆவதால் மின்தடை கால்பங்காகும். நேர்மின்னோட்ட வெப்பமும் கால்பங்கு. காந்தச் சார்பின் மெய்யான வரவு இதுவே.

இதற்கும் ஒரு செலவு உண்டு. சுற்று பாதியானால், மின்னோட்டத்திலுள்ள சிற்றலை உள்ளகத்தில் எழுப்பும் பாயச் சிற்றலை இருமடங்காகும். காந்தத் தயக்க இழப்பு பாய அடர்த்தியின் அடுக்காக வளரும் என்று 1892-இல் மின்பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் காட்டினார். அன்றைய இரும்புக்கு அவர் கண்ட அடுக்கு 1.6, இன்றைய திறன் ஃபெரைட்டுக்கு அது ஏறத்தாழ 2.5. ஆகவே உள்ளக இழப்பு ஐந்தரை மடங்குக்கு மேல் உயரும். சிற்றலை சிறிதாக உள்ள இடங்களில் அந்த இழப்பு தொடக்கத்திலேயே அற்பமானது. ஐந்தரை மடங்கானாலும் செம்பில் மிச்சப்படுத்தியதைத் தின்றுவிடாது. சிற்றலை பெரிதாக உள்ள மாற்றிகளில் நிலைமை எதிர். மின்னோட்டம் இருதிசையிலும் பாயும் மின்தூண்டிகளுக்கோ இம்முறை அறவே பொருந்தாது. காந்தத்தைத் தலைகீழாகப் பொருத்தினாலும் மின்தூண்டி உடனே தெவிட்டிவிடும். உற்பத்தி வரிசையில் இது சிறிய கவலையன்று. குறுக்குச்சுற்றின்போது ஒரேயொரு கணம் பாயும் மிகை மின்னோட்டம் காந்தத்தை நிரந்தரமாகப் பலவீனப்படுத்தக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அடுத்த முழுச்சுமையில்தான் கோளாறு வெளிப்படும்.

7. பொருளின் அரசியல்

நீக்குத்திறன்தான் இங்கே தீர்மானிக்கும் பண்பு என்று கண்டோம். அதைத் தருவன எவை? ஒன்று சமாரியம். அல்லது நியோடிமியக் காந்தத்தில் கலக்கப்படும் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு அருமண் தனிமங்களில் இம்மூன்றும் அடக்கம். அவற்றைக் கொண்ட காந்தங்களும் அடக்கம். இந்திய வாகனத் தொழில் அதன் தாக்கத்தை உடனே உணர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் நியோடிமியம் உண்டு. டிஸ்ப்ரோசியம் போன்ற கனமான அருமண்கள் இந்திய மோனசைட்டில் மிகச் சொற்பம். எனவே காந்தச் சார்பு மின்தூண்டியை இங்கே பெருமளவில் உற்பத்தி செய்ய நினைப்பவர் மின்சுற்றை மட்டும் கணக்கிட்டால் போதாது. மென் ஃபெரைட்டில் இரும்பு, மாங்கனீசு, துத்தநாக ஆக்சைடுகள்தான். சற்றே பெரிய உள்ளகத்தை வாங்கிக் காந்தத்தைத் தவிர்ப்பது பல இடங்களில் மலிவானதாகவும் பாதுகாப்பானதாகவும் இருக்கும்.

8. முடிவு

பற்றவைப்புச் சுருளிலும், இடம் மிகக் குறுகலாகவும், மின்னோட்டம் ஒரே திசையிலும், சிற்றலை சிறிதாகவும் உள்ள இடங்களிலும் காந்தச் சார்பு தன் விலைக்கு உரிய பயனைத் தருகிறது. மற்ற இடங்களில் அதைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் இருப்பதாக எனக்குப் படவில்லை. பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இதை எடுக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காந்தத்தின் நீக்குத்திறனை அறை வெப்பநிலையில் அல்ல, அது வேலை செய்யப்போகும் வெப்பநிலையில் கேட்டு வாங்குங்கள், முழுச்சுமையில் ஒருமுறை ஓட்டிய பிறகு தெவிட்டல் மின்னோட்டத்தை மீண்டும் அளந்து, முதல் அளவீட்டோடு ஒப்பிட்டு, இரண்டு எண்களையும் அறிக்கையில் எழுதுங்கள்.